துண்டு போட்ட மணை

காலையில் எழுந்து கதவைத் திறந்தால், மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியில் கொத்தாக வேப்பிலை தொங்கியது. யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் வாசலில் வேப்பிலை தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள், வெளியாள் எட்டி நிற்கவேண்டும்.

எனக்கு அம்மை போடவில்லை. எனக்கு இருந்தது தைராய்டு கேன்சரின் மிச்சம். அதை எரிக்கக் கதிரியக்க அயோடினை விழுங்கிவிட்டு, முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பாகூருக்கு, என் மாமியார் வீட்டு மாடி அறைக்கு வந்திருந்தேன். தனித் தட்டு, தனிப் படுக்கை, தனிக் குளியலறை. மூன்று வாரத்துக்கு யாரையும் ஒட்டி உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கைக்குழந்தை இருக்கும் இடத்துக்கும் கர்ப்பிணி இருக்கும் இடத்துக்கும் கண்டிப்பாகப் போகக் கூடாது.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் எங்கள் வீட்டு வாசலில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் கடைசி வருடம், இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தவர், “மோவாயைத் தூக்குமா” என்றார். தூக்கினேன். “கழுத்துல இன்னாமா வீக்கம், லைட்டு சரியா விழ மாட்டுது” என்றார். அந்த வீக்கம்தான். இரண்டு மாதத்துக்குள் தைராய்டு சுரப்பியை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் குறுக்கே ஒரு கோடு, தினமும் விடியலில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அது ஆயுளுக்கும். பரீட்சையை ஆறு மாதம் கழித்து எழுதித் தேறினேன். வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், ஸ்கூட்டி வாங்கினேன். வீட்டில் எல்லோரும் என்னைக் கண்ணாடிச் சாமானைப் போல் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, நான் போலீஸில் மாட்டும் வேகத்தில் சங்கராபரணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் என் வீட்டார் சொல்லத் தயங்கினார்கள். நான் தயங்கவில்லை. காபித் தட்டை வைத்துவிட்டுத் துப்பட்டாவை நகர்த்திக் காட்டினேன். “கேன்சர் வந்திச்சி, எடுத்தாச்சி. மாத்திரை சாவற வரைக்கும் போடணும். கொழந்தை பெத்துக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சந்தேகமா இருந்தா நீங்களே வந்து கேட்டுக்கோங்க.”

மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவர் காபியை வாயில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். அவருடைய அம்மாதான் பேசினார்.

“ஒரு நாளைக்கு எத்தினி மாத்திர?”

“ஒண்ணுதான்.”

“எங்க வூட்டுக்காரரு சக்கரைக்கு மூணு போடறாரு. அந்தாள வெச்சி நான் ஓட்டல?” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த கணவரைப் பார்த்தார். என் வருங்கால மாமனார் மிக்சரை மென்றுகொண்டே தலையாட்டினார்.

ஆனால் அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, பேச்சோடு விடவில்லை. அடுத்த முறை நான் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது உண்மையிலேயே கூட வந்தார். பாகூரிலிருந்து தனியாக பஸ் பிடித்து வந்து, டாக்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இவ புள்ள பெத்துப்பாளா?” என்று நேராகக் கேட்டார்.

“தாராளமா. அளவெல்லாம் சரியா இருக்கிறப்ப, எங்கள கேட்டுகினு” என்றார் டாக்டர்.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் நான் சமாளிப்பேன். குழந்தை வேண்டும். கேன்சர் வந்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். சாவைப் பற்றிக்கூட அவ்வளவு யோசித்ததில்லை. அந்தப் பயத்தை என்னைத் தவிர முதலில் வாய்விட்டுக் கேட்டவர் அத்தை என்பதால்தான் அந்த வீட்டுக்கு நான் சரி சொன்னேன். மாப்பிள்ளை நல்லவர் என்பது அப்புறம் தெரிந்துகொண்டது.

கல்யாணமாகி ஒரு வருடம் ஓடியது. ஏம்பலத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் கணவரின் தங்கை உண்டானாள். வீட்டில் சந்தோஷம். அத்தை என்னைக் கூப்பிட்டு, “அவ வளைகாப்புல ஒன்ன பக்கத்துல ஒக்கார வெச்சி வளையல் அடுக்கப் போறேன். அடுத்த வருஷம் ஒனக்கு” என்றார். எங்கள் பக்கத்தில் இது உண்டு. கர்ப்பிணிக்கு வளையல் போடும்போது, குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணைப் பக்கத்து மணையில் உட்காரவைத்து அவளுக்கும் வளையல் போடுவார்கள். அந்த ராசி ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. “இயற்பியல் படிச்ச என்னைப் போயி” என்று நான் சிரித்தேன். ஆனால் பச்சைக் கண்ணாடி வளையல்தான் வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அதற்கு முன்னால் வழக்கமான ரத்தப் பரிசோதனை வந்தது. கேன்சர் திரும்புகிறதா என்று காட்டும் அளவு லேசாக ஏறியிருந்தது. எங்கேயோ துளி மிச்சம் இருக்கிறது, அயோடின் கொடுத்துவிடலாம், அதன் பிறகு ஒரு வருடம் குழந்தைப் பேச்சே கூடாது என்றார் டாக்டர். அந்த மருந்து கொடுக்கும் தனி அறை ஆஸ்பத்திரியில் ஒன்றிரண்டுதான். அவர்கள் கொடுத்த தேதிதான் தேதி. அந்தத் தேதி வளைகாப்புக்குச் சில நாள் முன்னால் வந்து விழுந்தது. இதை விட்டால் எப்போது கிடைக்குமோ. வளைகாப்பையும் நகர்த்த முடியாது, ஏழாம் மாதத்துக்கு அந்த ஒரு முகூர்த்தம்தான் இருந்தது. நாத்தனார் வீட்டில் கொத்தனார் வேலை நடந்துகொண்டிருந்ததால் அதை எங்கள் வாசலிலேயே வைத்துக்கொள்வது என்று முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

மருந்துக்கு முன்னால் வழக்கமான மாத்திரையை நிறுத்தினார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சின்ன மாத்திரைதான் என்னை ஓட்டிக்கொண்டிருந்தது என்று. கால் வீங்கியது, குரல் கரகரத்தது, பேசத் தொடங்கினால் வாக்கியம் பாதியிலேயே நின்றது. அயோடின் உப்பு கூடாது, மீன் கூடாது, பால் கூடாது. எனக்குக் கொடுக்காமல் சாப்பிட மனசு வராது என்று அத்தை வீட்டுக்கே மீனை நிறுத்தினார். மாமா ரொம்ப வாடிப்போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நான் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கினேன். விளக்காமல் இருக்க என்னால் முடியாது.

“உள்ள போன மருந்துலேர்ந்து கதிர் வரும். எட்டு நாளைக்கு ஒரு தரம் அது பாதியாவும். அந்தப் பாதியில இன்னும் எட்டு நாள்ல பாதி. ஒடம்புலேர்ந்து தண்ணியாவும் வெளிய போயிடும்.”

“முழுசா எப்ப போவும்?” என்றார் அத்தை.

“முழுசான்னு கணக்கு கெடையாது அத்த. பாதி பாதியா போயி, இல்லாத மாதிரி ஆயிடும்.”

அத்தை கொஞ்சம் யோசித்தார். “ஒங்க மாமா கடைத்தெருவுலேர்ந்து வாங்கியாற மிக்சர் பொட்டலம் மாதிரி.”

“நான் எங்க தின்னேன்” என்றார் மாமா.

“ஏரிக்கரை வரைக்கும் பாதி. வூடு வந்து சேர்றதுக்குள்ள அதுல பாதி.”

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பாகூரில் பஸ் வந்து நின்றதும், கூட்டம் இறங்குவதற்கு முன்பே அத்தை மாமாவின் தோள் துண்டை உருவி ஜன்னல் வழியாக சீட்டில் எறிந்தார். உள்ளே ஏறினால் ஒரு ஆள் துண்டைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தான். “தம்பி, துண்டு போட்டிருக்குது, கண்ணு தெரில?” என்றார். அவன் எழுந்துகொண்டான். கால் வீங்கியிருந்த என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, வழியெல்லாம் அத்தை நின்றுகொண்டே வந்தார்.

இப்போது வேப்பிலைக்கு வருகிறேன்.

அதைக் கட்டியது எதிர்வீட்டு அக்கா. நல்ல மனசு. நான் காரிலிருந்து இறங்கி யாரோடும் பேசாமல் நேராக மாடியேறியதையும், அத்தை படியில் சாப்பாட்டை வைத்துவிட்டு எட்டி நின்றதையும் பார்த்திருக்கிறார். ஒரு பெண்ணை மாடியில் தனியாக வைத்து, தட்டைத் தனியாக்கி, கர்ப்பிணியைக் கிட்டே விடாமல் இருந்தால் அது அம்மைதான், வேறென்ன? பாவம், இந்த வீட்டார் வளைகாப்பு வேலையில் வேப்பிலை கட்டக்கூட மறந்துவிட்டார்கள் என்று தானே ஒடித்துக் கட்டிவிட்டார். கட்டியதோடு விட்டிருந்தால் எனக்கு நல்லதுதான். ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் ஊரில் மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் படியில் அந்தக் கொத்தைப் பார்த்து, இதைவிடச் சுலபமான பாதுகாப்பு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

பத்து மணிக்கு ஏம்பலத்திலிருந்து போன் வந்தது. நாத்தனாரின் மாமியார். கீழே அத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மாடிவரை கேட்டது.

“சம்பந்தி, ஒங்க வூட்ல ஆத்தா வந்திருக்காங்களாமே.”

“யாரு சொன்னது?”

“ஊரே சொல்லுது. ஆத்தா எறங்கின வூட்ல நல்ல காரியம் செய்யக் கூடாது. புள்ளத்தாச்சிய வேற அங்க எப்படி அனுப்பறது? வளைகாப்பே வேணாம், உட்டுடுங்க.”

அத்தை போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்தார், அப்புறம் வேப்பிலையைப் பார்த்தார். எனக்கு அவர் யோசிப்பது புரிந்தது. அம்மை என்று விட்டால் வளைகாப்பு நின்றுபோகும். அம்மை இல்லையென்றால் வேறென்ன என்று சொல்லவேண்டும். கேன்சர் என்ற சொல் அந்தத் தெருவுக்கு இன்னும் போகவில்லை. சொல்லிவிட்டால், பிள்ளை பெறவேண்டிய மருமகளைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று எனக்கே தெரியும். நானே கத்திச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால், கரகரவென்று காற்றுதான் வந்தது.

அத்தை படியேறி வந்து, பாதியில் நின்று, வேப்பிலையை அவிழ்த்தார். ஒரு இலைகூடக் கீழே விழாமல் மடியில் போட்டுக்கொண்டார். ஆத்தா இலையாயிற்றே. அப்புறம் தெருவில் இறங்கினார். பால் ஊற்ற வந்தவர்கள், குழாயடியில் நின்றவர்கள், எதிர்வீட்டு அக்கா எல்லோரும் இருந்தார்கள்.

“ஆத்தாளும் வரல, ஒண்ணும் வரல. எம் மருமவளுக்குக் கழுத்துல கேன்சர் இருந்திச்சி. கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சி. துளி ஒட்டிகினு இருந்ததுக்கு இப்ப மருந்து சாப்ட்டுகினு வந்திருக்கா. மருந்துதான் சூடு. அவ நல்லாதான் இருக்கா.”

எதிர்வீட்டு அக்காதான் கேட்டார்: “தொத்துமாக்கா?”

“கேன்சரு எங்கடி தொத்தும்? மருந்துலேர்ந்து வர்ற கதிருதான், சின்னப் புள்ளைங்களுக்கும் புள்ளத்தாச்சிக்கும் ஆவாது. அதான் மேல இருக்கா. அதுவும் பாதி பாதியா கொறஞ்சிகினு வருது.”

“பாதி பாதியான்னா?”

“எங்க வூட்டுக்காரரு வாங்கியாற மிக்சரு பாத்திருக்கியா?”

என் வகுப்பில் அரை ஆயுளை நான் எத்தனையோ விதமாக நடத்தியிருக்கிறேன். தெருவே ஒரே நேரத்தில் தலையாட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான். எதிர்வீட்டு அக்கா மட்டும் முகம் வாடி நின்றார். “தெரியாம கட்டிட்டேன்கா.”

“வேப்பில ஒடிக்கத் தெரியுதில்ல? வளைகாப்பு அன்னிக்கு மொதல் காப்புக்கு நீயே கொழுந்தா ஒடிச்சிகினு வா” என்றார் அத்தை. வளைகாப்பில் முதலில் போடுவது வேப்பங்கொழுந்தைச் சுற்றிய காப்பு. அதற்குப் பிறகுதான் கண்ணாடி வளையல். அக்காவுக்குக் கொடுத்த மரியாதை அது. அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். வாசலில் பந்தல், நான் மாடியில் இருந்தால் தூரம் போதும், கீழே இறங்காதே என்றார். அதை என் கணவர் ஏம்பலத்துக்குப் போய்ச் சொல்லி, தங்கையின் மாமியாரைச் சம்மதிக்கவைத்தார்.

வளைகாப்பு அன்று நான் மாடிக் கைப்பிடிச்சுவரில் முழங்கையை ஊன்றி, சினிமா பார்ப்பதுபோல் பார்த்தேன். பந்தலை வேண்டுமென்றே ஒரு பக்கம் திறந்து போட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு மணை. ஒன்றில் நாத்தனார் பட்டுப்புடவையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னொன்று காலியாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். அந்தக் காலி மணையை மட்டும் பார்க்க முடியவில்லை. ஒரு வருடம் என்று டாக்டர் சொன்னது, அதற்குப் பிறகு அளவு இறங்கியிருந்தால்தான் என்று சொன்னது, இறங்காவிட்டால் இன்னொரு முறை என்று சொன்னது எல்லாம் அந்த மணைமேல் உட்கார்ந்திருந்தது.

வேப்பிலைக் காப்பு ஏறியது. சந்தனம் பூசினார்கள். கண்ணாடி வளையல் அடுக்கத் தொடங்கினார்கள். அப்போது எதிர்வீட்டு அக்கா, புதிதாகக் கல்யாணமாகியிருந்த தன் பெண்ணைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்.

“மணை சும்மாதான இருக்குது. எம்பொண்ண ஒக்கார வைக்கட்டுமாக்கா?”

தப்பே இல்லாத கேள்வி. அத்தை பந்தல் காலோரம் நின்றிருந்த மாமாவிடம் போய், அன்றைக்கென்று அவர் போட்டிருந்த புதுத் துண்டைத் தோளிலிருந்து உருவினார். அங்கிருந்தே வீசினார். துண்டு மணையின்மேல் விழுந்தது.

“துண்டு போட்டாச்சி. அது எம் மருமவ சீட்டு.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். “பஸ்ஸா ஓட்டற இங்க” என்றார் யாரோ ஒரு பெரியம்மா. “டிக்கெட்டு எவ்ளோ?” என்றாள் இன்னொருத்தி. நாத்தனார் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தாள்.

“அண்ணி, ஒனக்கு இன்னா கலரு?”

பச்சை என்று கத்தினேன். அதாவது, கத்தியதாக நினைத்தேன். யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஓடி, குளியலறையில் இருந்த பச்சை மக்கை எடுத்துவந்து தூக்கிக் காட்டினேன்.

“மக்கு கேக்குறாடி” என்றார் பெரியம்மா.

“பச்ச” என்றாள் நாத்தனார். தன் தட்டிலிருந்து பச்சை வளையல்களைப் பொறுக்கி, தன் கையாலேயே அந்தத் துண்டின்மேல் வைத்தாள். அத்தை வளையல்களுக்குச் சந்தனம் தொட்டுவைத்தார், குங்குமம் வைத்தார், ஆரத்தியையும் துண்டுக்கும் சேர்த்தே சுற்றினார். என் கணவர் அன்று மாலை புளிசாதமும் சர்க்கரைப் பொங்கலும் படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பாதிப்படியில் உட்கார்ந்து, “எங்கப்பா துண்டுக்கு ஆரத்தி எடுத்த ஒரே வூடு நம்ம வூடுதான்” என்றார். நாத்தனார் ஏம்பலத்துக்கே திரும்பிப் போனாள். என் மூன்று வாரம் முடிந்த பிறகுதான் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை.

அந்தப் பச்சை வளையல்களை அத்தை துண்டிலேயே சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் கேட்டபோதும் தரவில்லை. “ஸ்டாப்பு வர்றதுக்கு முன்னாடியே இறங்கப் பாக்குறியா” என்றார்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, மணையில் உட்காராமலே, எனக்கு முன்னால் பிள்ளை பிறந்துவிட்டது. தொட்டில் போட்ட அன்று நான் அத்தையைச் சீண்டினேன். “பாத்தீங்களா அத்த, ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“துண்டு போட்டவன் கடைசியா ஏறுனாலும் சீட்டு அவனுக்குத்தான்” என்றார்.

ஒரு வருடம் கழிந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். முடிவு வரும்வரை நான் ஸ்கூட்டியில் ஏரிக்கரையை எத்தனை முறை சுற்றினேனோ. அளவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. “இனிமே ஒங்க இஷ்டம்” என்றார் டாக்டர். அடுத்த கரும்பு வெட்டுக்குள் நான் உண்டாகியிருந்தேன்.

வயிற்றில் பிள்ளை வந்ததும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்; முதல் மாதங்களில் குழந்தையின் மூளைக்கும் நான் விழுங்குவதுதான் போய்ச் சேரவேண்டும். அதனால் விடியலில் மாத்திரை போட்ட பிறகு ஒரு மணிநேரம் நான் எதுவும் சாப்பிடக் கூடாது; காபி டம்ளரோடு வீட்டில் யாரும் என் கண்ணில் படுவதில்லை. இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அதோடு சேரக் கூடாது, மதியத்துக்குப் பிறகுதான் என்று சொன்னேன். அத்தை அடுப்பு பற்றவைக்கும் நேரத்தையே மாற்றிக்கொண்டார். மாமா எனக்காக விடியலில் காபி குடிப்பதைத் தள்ளிப்போட்டு, வயலைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். திரும்பி வரும்போது சட்டையில் டீக்கடை வாசம் வருகிறது. நாங்கள் யாரும் கேட்பதில்லை.

போன வாரம் எனக்கு வளைகாப்பு. அத்தை பீரோவைத் திறந்து துண்டுச் சுருளை எடுத்துவந்தார். நாத்தனார் பிரித்தாள். பச்சை வளையல், சந்தனம் காய்ந்து ஒட்டியபடி. வேப்பிலைக் காப்புக்கு அப்புறம் முதலில் இதுதான் என்று என் கையைப் பிடித்துப் போட்டாள். ஏறவில்லை. என் கை உப்பியிருந்தது. எண்ணெய் தடவிப் பார்த்தாள், சோப்பு போட்டுப் பார்த்தாள். ஒன்று படக்கென்று உடைந்தது.

வளைகாப்பில் வளையல் உடைந்தால் நல்ல சகுனமில்லை என்பார்கள். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். என் வயிற்றுக்குள் இருந்தவர் அப்போது பார்த்து ஓர் உதை விட்டார்.

“சின்ன சைசா வாங்கியிருக்குறாங்க” என்றார் அத்தை, உடைந்த கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டே. “இவ கை அப்ப குச்சி மாதிரி இருந்திச்சி. இப்ப ரெண்டு பேருக்கு இருக்கற கை.”

சிரிப்பு திரும்பிவந்தது. இன்னொன்றைச் சோப்பு நுரையோடு வைத்து அழுத்தினாள் நாத்தனார். வலித்தது, ஏறிவிட்டது. “போதும், ஒண்ணு போதும்” என்றேன். அதைக் கழற்றப் போவதில்லை, கழற்றவும் முடியாது.

பக்கத்து மணை காலியாக இருந்தது. யாரை உட்காரவைப்பது என்று பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, நாத்தனாரின் பெண் தத்தித் தத்தி வந்து, அதில் பொத்தென்று உட்கார்ந்து, கையை நீட்டினாள். என்னை ஒட்டி, தோளோடு தோளாக. இந்தப் பிள்ளை அம்மா வயிற்றில் இருந்த அந்த வளைகாப்பு அன்று நான் மாடியை விட்டு இறங்கவில்லை.

“ஏய், எழுந்திருடி. ஒனக்கு இன்னும் நாளு இருக்குது” என்றார் அத்தை.

அவள் எழவில்லை. மாமா தோளிலிருந்து துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார்.